முதுகில்லாத போர்வை

1

விஸ்வநத்தத்துக்காரி ஒருத்தி பதினோராயிரம் அடி உயரத்தில், பனி பாதி உருகிய ஏரிக்கரையில், துணிக்கூடாரத்துக்குள் படுத்து எழுந்து வந்திருக்கிறாள். அது நான்தான்! வந்து சில நாளாகியும் கால் வலியும் போகவில்லை, உற்சாகமும் போகவில்லை. அலுவலகத்தில் சொல்லியாகிவிட்டது, காய்கறிக் கடையில் சொல்லியாகிவிட்டது, பல் மருத்துவர் வாய்க்குள் கருவியை வைத்திருந்தபோதும் சொல்ல முயன்றேன். இனி ஊரில் இருக்கும் உங்களிடம் சொன்னால்தான் எனக்கு நிறையும்.

கொலராடோவுக்குக் குடிவந்து இருபது வருடம் நிறைந்த வாரம் அது. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நானும் கணவரும் கேசரி கிண்டிச் சாப்பிட்டுவிட்டு, வந்தது சரியா, வராமலே இருந்திருக்கலாமா என்று பேசுவோம். இருபது வருடமாகத் தீர்ப்பு வராத வழக்கு. இந்த வருடம் கேசரியும் இல்லை, வழக்கும் இல்லை. மகள் என்னை மலைக்குக் கூட்டிப்போய்விட்டாள்.

இறங்கி வந்ததும் முதலில் அக்காவுக்குத்தான் போன் போட்டேன். அக்கா செல்வி இன்னும் விஸ்வநத்தத்தில்தான் இருக்கிறாள். பட்டாசு கம்பெனியில் பாக்கிங் வேலை.

“ஏண்டி, வீடு வாசலு எல்லாத்தையும் வச்சுக்கிட்டு எதுக்குடி காட்டுல போயிப் படுத்தீக?”

“சும்மாதாங்க்கா. இங்க எல்லாரும் போவாங்க.”

“மாப்பிள்ளையும் வந்தாகளா?”

“அவருக்குக் கரடின்னா பயம். வீட்லயே இருந்துட்டாரு.”

“அவுகளுக்காவது புத்தி இருக்கே. சரி, என்னத்தப் போத்திக்கிட்டுப் படுத்த? அம்புட்டுக் குளிரு அடிக்கும்ல?”

“வாத்து றெக்கைக்கா.”

“போனை மாப்பிள்ளைகிட்டக் குடு” என்றாள் அக்கா.

2

இதற்கெல்லாம் காரணம் என் மகள் யாழினி. பதினேழு வயது. பள்ளி முடிந்துவிட்டது. ஆகஸ்டில் நாட்டின் மறுகோடியில் இருக்கும் கல்லூரிக்குப் போகிறாள். அதற்கு முன்னால் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு பத்து நாள் மலைப்பாதையில் நடப்பது என்று முடிவு செய்திருந்தாள். தோழிகள் கூட்டம் ஒன்று அவளை அழைத்துக்கொண்டிருந்தது.

சின்னப் பிள்ளையில் என் வாயைப் பார்த்தே தமிழ் பேசியவள், இந்த இரண்டு மூன்று வருடமாக என்னிடம் பேசுவது மூன்றே சொல்தான். ஓகே, ஃபைன், லேட்டர். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்தாலாவது பேச்சு நீளும். அவள் அறைக் கதவைத் தட்டும்போதெல்லாம் ஏதோ அரசாங்க அலுவலகத்தில் மனுவோடு நிற்கிறமாதிரிதான் நிற்பேன்.

மூட்டையைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பாள். இந்த நடைக்காரர்களுக்கு எடைதான் எல்லாம். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்து வைத்திருந்தாள். சமையலறைத் தராசில் காலுறையை நிறுத்துப் பார்த்தாள். நானும் சந்தடி சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த டென்ட் எவ்வளவு கனம்?” என்று கேட்பேன். பத்து நிமிடம் பேசுவாள். எனக்கு அது தீபாவளி.

ஒருநாள் வாய்க்கு வந்தே விட்டது. “நானும் உன்கூட அந்தப் பத்து நாள் வரட்டுமா?”

தராசிலிருந்து தலையைத் தூக்கி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். முடியாது என்று சொல்லவில்லை. “ஒரு நைட் ட்ரையல் போலாம். நீ அங்க நல்லாத் தூங்கினா, நம்ம ரெண்டு பேரும் போலாம். தூங்கலைன்னா நான் ஃப்ரெண்ட்ஸோட போறேன். தூங்காம பத்து நாள் நடக்க முடியாதும்மா.”

நியாயமான பேச்சு. நான் உடனே ஒப்புக்கொண்டேன். தூங்குவது ஒரு பெரிய காரியமா, எங்கள் ஊரில் பஸ் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே சாத்தூர் வரை தூங்கியவள் நான்!

ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான். இந்த விஷயத்தில் விட்ட காலை வெளியே எடுக்க முடியவில்லை என்பதுதான் சரி. மலைக்கு முன்னால் வீட்டுக் கொல்லையில் ஒத்திகை வைத்தாள். தோழியிடம் இரவல் வாங்கிய ஸ்லீப்பிங் பேக். தலையணை உறையைப் பெரிதாக்கி ஆளை உள்ளே போட்டு, முகம் மட்டும் தெரியக் கழுத்துவரை ஜிப் போடுகிற சாமான் அது. உள்ளே நுழைந்தேன். யாழினி ஜிப்பை மேலே இழுத்துவிட்டு, “குட்நைட்” என்று தன் பையில் சுருண்டுகொண்டாள்.

எனக்கு மூச்சு முட்டியது. கையை வெளியே எடுக்க ஜிப்பைத் தேடினேன். ஜிப் துணியில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான். உதைத்து, புரண்டு, கத்தி, ஜிப்பைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து புல்தரையில் உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

யாழினி கோபப்படவில்லை. என் தோளைத் தட்டி, “இட்ஸ் ஓகே அம்மா. எல்லாருக்கும் இது செட் ஆகாது” என்றாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

3

எனக்கு ஏன் முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அவளிடம் சொல்லவில்லை.

பட்டாசு ஆலையில் மருந்து அறை எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெடிமருந்து கலக்கும் சின்ன அறை. நாலு பக்கமும் கதவு. எல்லாக் கதவும் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே பொறி தெரிந்தால் யோசிக்காமல் எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கமே ஓட வேண்டும். என் அப்பா அப்படி ஓடி வந்தவர். இடது கையில் தோல் மட்டும் போனது, ஆள் தப்பினார். பிற்பாடு போர்மேனாக இருந்தார். நானும் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, கல்யாணம் ஆகும் வரை இரண்டு சீசன் அவரோடு அதே கம்பெனிக்குப் போனேன்.

அப்பாவுக்குச் சில கட்டளைகள் உண்டு. பருத்திச் சேலை தவிர வேறு கட்டி வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புவார். பாலியஸ்டர் உரசினால் மின்சாரம் பிறக்கும். அறைக்குள் போகும் முன் வாசலில் பதித்த தாமிரத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் இருக்கும் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். பெட்டியைத் தூக்கித்தான் வைக்க வேண்டும், தரையில் இழுக்கவே கூடாது. தப்பித் தவறி இழுத்தவர்களை அவர் திட்டிய வார்த்தைகளைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

அப்படி வளர்ந்தவளைக் கழுத்துவரை பூட்டிப் படுக்க வைத்தால்? எனக்கு அந்தப் பை, வெளிப்பக்கம் தாழ்போட்ட மருந்து அறை.

அமெரிக்காவில் யார் எந்த ஊர் என்று கேட்டாலும் மதுரைக்குப் பக்கம் என்று முடித்துக்கொள்வேன். புதிதில் ஒருமுறை மட்டும், கிராக்கர்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தேன் என்றேன். கேட்டவர் மகிழ்ந்துபோய், தன் மாமாவும் பிஸ்கட் தொழிற்சாலையில் இருந்தவர்தான் என்றார். இங்கே கிராக்கர் என்றால் உப்பு பிஸ்கட்டாம். அதன் பிறகு விளக்கம் சொல்லும் ஆசையே விட்டுப்போனது. யாழினிக்கும் தாத்தா ஏதோ ஆலையில் இருந்தார் என்ற அளவுக்குத்தான் தெரியும்.

4

கொல்லையில் தோற்றபின் நான் சும்மா இருக்கவில்லை. மகளோடு பத்து நாள்! அதை ஒரு ஜிப்புக்காக விட்டுக்கொடுப்பேனா? அலுவலக மதிய இடைவேளை எல்லாம் நடைக்காரர்கள் எழுதுவதைப் படித்தேன். அப்போதுதான் குயில்ட் என்ற ஒன்று இருப்பதே தெரிந்தது.

சங்கதி எளிது. ஸ்லீப்பிங் பேக்குக்குள் வாத்தின் நெஞ்சுப் பக்கத்து மெல்லிய தூவியை அடைத்திருப்பார்கள். தூவி உப்பி நின்றால்தான் சூடு. நம் முதுகுக்குக் கீழே மாட்டிக்கொண்ட தூவி நசுங்கிவிடும், ஒரு பிரயோசனமும் இல்லை. கீழிருந்து வரும் குளிரைக் காற்றடைத்த மெத்தை பார்த்துக்கொள்ளும். பிறகு எதற்கு முதுகுப் பக்கம் என்று யாரோ ஒரு புண்ணியவான் அதை வெட்டி எறிந்துவிட்டான். முதுகும் இல்லை, ஜிப்பும் இல்லை. கால்மாட்டில் மட்டும் பாதம் நுழைக்க ஒரு சின்னப் பை, அதையும் நாடாவை அவிழ்த்தால் விரித்துப் போடலாம். வேண்டுமானால் ஓரத்தை மெத்தையோடு வாரில் மாட்டிக்கொள்ளலாம். எடையோ பாதி.

படித்த மாத்திரத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். நாலு பக்கமும் கதவு! தாழ்ப்பாள் இல்லை! எல்லாம் வெளிப்பக்கம் திறக்கும்! அப்பாவே வரைபடம் போட்டுக் கொடுத்தமாதிரி ஒரு போர்வை.

வாங்கினேன். விலையைச் சொல்ல மாட்டேன், அக்கா இதைப் படிப்பாள். பார்சலில் தேங்காய் அளவுக்கு ஒரு உருண்டை வந்தது. அவிழ்த்ததும் அது மெல்ல மெல்ல மூச்சு வாங்கி உப்பி, கட்டில் முழுக்க நிறைந்தது. கையில் தூக்கினால் கனமே இல்லை. யாழினி அதைத் தராசில் வைத்தாள். எண்ணைப் பார்த்தாள். எடுத்து மறுபடி வைத்தாள்.

“அம்மா, இது என்னோடதைவிட லைட்.”

அவள் குரலில் பொறாமை இருந்தது. இருபது வருட அமெரிக்க வாழ்க்கையில் நான் பெற்ற விருது அது ஒன்றுதான். ஒரு வாரம் ஜன்னலைத் திறந்துபோட்டு, கட்டிலில் பருத்தி விரிப்பின் மேல் அதைப் போர்த்திப் படுத்துப் பழகினேன். சுகமான தூக்கம். கணவர் மூன்று கம்பளியோடு அடுத்த அறைக்கு மாறிக்கொண்டார்.

5

மலையில் இரவு தங்க அனுமதி வேண்டும். யாழினியே வாங்கியிருந்தாள். குழுத் தலைவர் யாழினி, உறுப்பினர் நான். மலையடிவாரத்தில் இருந்த வனக்காவலர் பெண்மணி அதைச் சரிபார்த்துவிட்டு, கேள்வியெல்லாம் அவளிடமே கேட்டார். கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா இருக்கிறதா, கூட வருகிறவருக்கு அனுபவம் உண்டா. யாழினி என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, “அவங்க ரொம்ப ஸ்ட்ராங்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். விசா வரிசைகளில் எனக்காக நானே மூச்சுப் பிடித்துப் பேசியவள். எனக்காக வேறொருத்தர் பதில் சொல்வது எவ்வளவு சுகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நடந்தோம். பைன் மரங்கள், பிறகு மரமே இல்லாத பாறை, நடு ஜூனிலும் நிழலில் கிடக்கும் அழுக்குப் பனி. எனக்கு மூச்சு வாங்கியது. அவள் எனக்காக நின்றாள், நிற்பது தெரியாமல் நின்றாள். ஷூ நாடா கட்டுகிறமாதிரி, பாட்டிலைத் தேடுகிறமாதிரி. என் பிள்ளைக்கு நடிக்கத் தெரியவில்லை.

ஏரிக்கரையில், ஒரு சின்ன ஓடைக்குப் பக்கத்தில் டென்ட் போட்டாள். பொழுது விழுந்ததும் குளிர் வந்து உட்கார்ந்தது. நாங்கள் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்துவிட்டோம். அவள் தன் பைக்குள் புகுந்து முகம் வரை இழுத்து மூடிக்கொண்டாள். நான் காற்று மெத்தையில் படுத்து, குயில்ட்டை இழுத்துப் போர்த்தினேன். கை வெளியே, ஒரு கால் வெளியே, பிறகு கால் உள்ளே. சொர்க்கம்! ட்ரையலில் ஜெயித்தாயிற்று என்று நினைத்துக்கொண்டே வலது பக்கம் புரண்டேன்.

சடசடவென்று சத்தம். இருட்டில் என் நெஞ்சுக்கு நேரே நீலமாக நாலைந்து பொறி.

6

நைலான் போர்வை, நைலான் மெத்தை, பஞ்சுமாதிரி இருக்கிற பாலியஸ்டர் சட்டை, ஈரமே இல்லாத மலைக்காற்று. உரசினால் மின்சாரம் பிறக்காதா? காரணம் என்னவென்று இப்போது வரிசையாகச் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி படித்தவள் அல்லவா. அந்த நேரத்தில் கெமிஸ்ட்ரி எங்கே போனதென்று தெரியவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

“பொறி! ஓடு! வெளிய ஓடு!”

குயில்ட் ஒரே உதறலில் விலகியது. நாலு பக்கக் கதவு தன் வேலையைச் சரியாகச் செய்தது. டென்ட் வாசலைத் திறந்து பாய்ந்தேன். திரும்பினால் மகள் உள்ளேயே கிடக்கிறாள். கழுத்துவரை பூட்டிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில் “வாட்? வாட்?” என்கிறாள். அவள் பையின் கால்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். எதையும் இழுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள், பெற்ற பிள்ளையைத் தரதரவென்று புல்லிலும் கல்லிலும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடை வந்த பிறகுதான் நின்றேன். பையின் பாதி தண்ணீரில் இருந்தது.

இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றி உட்கார்ந்துகொண்டேன். அது தானாக நடந்தது. உடம்பு தகட்டைத் தேடியிருக்கிறது.

டென்ட் அப்படியே நின்றது. வெடிக்கவில்லை. அங்கே வெடிக்க என்ன இருக்கிறது, முந்திரிப் பருப்பும் ஓட்ஸும்தான்.

யாழினி கரடி வந்துவிட்டதென்றே நினைத்தாள். ஜிப்பைத் திறந்து, குதித்து எழுந்து, நெற்றி விளக்கைப் போட்டு நாலு பக்கமும் தேடினாள். பிறகு வெளிச்சத்தை என் மேல் திருப்பினாள். மண்ணில் கையை ஊன்றிக்கொண்டு, செருப்பில்லாமல் ஒரு அம்மா.

“எங்கம்மா கரடி?”

“கரடி இல்ல. போர்வையில பொறி வந்துச்சு.”

“ஸ்டாட்டிக்? அம்மா, ஸ்டாட்டிக்குக்கா?”

அவள் பையைத் தூக்கினாள். அதிலிருந்து தண்ணீர் கொட்டியது. நனைந்த தூவி, மழையில் நனைந்த கோழிதான். கட்டி கட்டியாக ஒட்டிப்போகும், ஒரு துளி சூடு தராது. இதுவும் மதிய இடைவேளையில் நான் படித்ததுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பத்து நாளும் போயிற்று என்று நினைத்தேன். ஆகஸ்ட் வரை மிச்சம் இருப்பது அந்த மூன்று சொல்தான் என்று நினைத்தேன்.

அவள் பற்கள் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டன. நான் எழுந்தேன். உள்ளே போய் குயில்ட்டின் கால்மாட்டு நாடாவை அவிழ்த்து, முழுசாக விரித்தேன். இரண்டு மெத்தையையும் சேர்த்துப் போட்டு, நடுவில் கட்டினேன்.

“வா. உள்ள வா.”

வந்து படுத்தாள். எட்டு வயதுக்குப் பிறகு என் பக்கத்தில் அவள் படுத்தது அன்றைக்குத்தான். போர்வை இரண்டு பேருக்குச் சரியாகப் போதவில்லை. அதனால் ஒட்டித்தான் படுக்க வேண்டியிருந்தது. அவள் பாதம் ஐஸ் கட்டியாக என் கெண்டைக்காலில் பட்டது.

பிறகு, “ஏன் கையை மண்ணுல வச்ச?” என்றாள்.

சொன்னேன். தகடு, பருத்திச் சேலை, நாலு கதவு, தாத்தாவின் இடது கை, எல்லாம். கொல்லையில் நான் ஜிப்பைப் பிய்த்ததன் காரணமும். அவள் நடுவில் குறுக்கிடாமல் கேட்டாள். கடைசியில், “அப்ப நீ ஓடலாம்ல? என்னை ஏன் இழுத்த? அது ஸ்லோ ஆச்சே” என்றாள்.

“உன்ன விட்டுட்டு எப்படிடி ஓடுவேன்?”

அவள் இன்னும் ஒட்டிப் படுத்தாள். கொஞ்சம் கழித்து, “இன்னொரு தடவை பொறி வர வை” என்றாள். போர்வையை மெத்தையில் தேய்த்தேன். சடசட. நீலமாகப் பறந்தது. அவள் கத்திக்கொண்டு சிரித்தாள். தானே தேய்த்தாள். இருவரும் மாறி மாறித் தேய்த்தோம். என் வாழ்க்கையில் பொறியைப் பார்த்து நான் சிரித்தது அதுதான் முதல் தடவை.

தேய்த்துக்கொண்டே இருந்தவள் என் கைமேல் தலையை வைத்துத் தூங்கிப்போனாள்.

7

நான் தூங்கவில்லை. குளிரினால் அல்ல. கை மரத்துப்போனது, எடுக்க மனமில்லை. பெரிய பிள்ளையின் தலை எவ்வளவு கனம் என்று மறந்தே போயிருந்தேன். அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை விழித்துக் கிடந்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் விழித்திருந்ததே இல்லை.

வெயில் ஏறியதும் அவள் ஈரப் பையைப் பாறையில் விரித்துப் போட்டாள். நான் காபிக்குத் தண்ணீர் வைத்தேன். ஒப்பந்தம் இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. தூங்கினேன் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் பார்த்திருக்கவா போகிறாள்?

“தூங்கினியாம்மா?”

கண் எரிந்தது. முகமே காட்டிக்கொடுத்திருக்கும். “இல்லடா. ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல” என்றேன்.

அவள் பையைத் திருப்பிப் போட்டாள். தூவிக் கட்டியை விரலால் பிரித்துவிட்டுக்கொண்டே, என்னைப் பார்க்காமல், “நான் நல்லாத் தூங்கினேன்” என்றாள்.

நான் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டு பேருக்கான குயில்ட் இருக்கும்மா. பெருசு. ஆளுக்கு ஒண்ணு தூக்கறதைவிட, ரெண்டு பேருக்கு ஒண்ணுன்னா வெயிட் ரொம்பக் கம்மி. பத்து நாளைக்கு அதான் கரெக்ட்.”

எடைக்காகத்தான் சொல்கிறாள் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.